பேட்ச் போட்ட பீஸ்

ஆம்பூரில் அபினேஷ் வேலை செய்த காலணித் தொழிற்சாலையில் அவனுடைய வலது கட்டைவிரலுக்குத் தனி மரியாதை இருந்தது. வெட்டித் தைத்த அப்பர்களை, அதாவது ஷூவின் மேல்பாகங்களை, கடைசியாகப் பார்த்து அனுப்புகிற கியூ.சி. அவன். கண்ணுக்குத் தப்பிய பழுதுகூட அந்த விரலுக்குத் தப்பாது. மாட்டை முள்கம்பி கிழித்த கீறல், உண்ணி கடித்த புள்ளி, தோலில் விழுந்த ஓட்டையை உள்ளே ஒரு துண்டு ஒட்டி மறைத்த மேடு, எல்லாமே தடவும்போது தட்டுப்பட்டுவிடும். உடனே வெள்ளிப் பேனாவால் ஒரு வட்டம் போடுவான். வட்டம் விழுந்தால் அந்தப் பீஸ் ரிஜெக்ட்.

அதிலும் பேட்ச் போட்ட பீஸ் என்றால் அவனுக்குக் கோபமே வரும். “கீறலுக்கு மாடு இன்னா பண்ணும்? பேட்ச்சு மனுஷன் தெரிஞ்சே பண்ற வேலை” என்பான்.

அப்படிப்பட்டவன் ஜெனிஃபாவைப் பெண் பார்க்கக் காட்பாடிக்குப் போனான். அவள் காபித் தட்டுடன் வந்தாள். தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தவள், இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கைக்குட்டையை எடுத்து இடது புருவத்தின் மேலிருந்த பவுடரைத் துடைத்தாள்.

“இங்க தையல் போட்டிருக்குங்க. சின்ன வயசுல ஊஞ்சப் பலகை அடிச்சுடுச்சு. எங்க அத்தை பவுடர் அப்பி மூடிட்டாங்க. அப்புறமா பார்த்துட்டு ஏமாத்திட்டாங்கன்னு நீங்க சொல்லக் கூடாது பாருங்க.”

அத்தை சமையலறைக்குள் ஓடிப்போனாள். அபினேஷ் புருவத்தின் குறுக்கே ஓடிய அந்தச் சிறிய வெண்கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பேருந்தில் திரும்பும்போது அம்மாவிடம், “இந்தப் பொண்ணுதாம்மா” என்றான்.

அம்மா ஜெயபுஷ்பம் ஆம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சிஸ்டராக இருந்தாள். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம். “விரல் வெச்சுப் பார்க்காமலே பாஸ் பண்ணிட்டியேடா!” என்று பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

2003 ஜனவரியில் கல்யாணம் நடந்தது. ஆனால் அவர்கள் சேர்ந்து இருந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். ஜெனிஃபா சென்னையில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தாள். அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்ததைக் காதில் கேட்டு ஆங்கிலத்தில் டைப் செய்கிற மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். சனிக்கிழமை மாலை ஏலகிரி எக்ஸ்பிரஸில் வந்து இறங்குவாள். திங்கட்கிழமை விடியற்காலை அதே ரயிலில் ஏறிப் போய்விடுவாள். ஞாயிறு ஆராதனை முடிந்து, மதியம் பிரியாணி சாப்பிட்டு, கொஞ்சம் கண் அசந்தால் பகல் முடிந்துவிடும். திங்கட்கிழமைகளில் அபினேஷ் ரிஜெக்ட் போடுகிற பீஸ்கள் அதிகமாக இருப்பதாகத் தைக்கும் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

ஜூன் மாதம் அவன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினான். ஜெனிஃபா கேட்கவில்லை. வீட்டிலிருந்தே இந்த வேலையைச் செய்யலாமாமே என்று எங்கோ கேள்விப்பட்டு, பஜாரில் ஜியாவுல்லாவின் கடையில் போய் நின்றுவிட்டான். ஜெனிஃபா அதைச் சொல்லி அலுவலகத்தில் தலைமை மேடத்திடம் நாள் தவறாமல் கேட்டாள். கடைசியில் மேடம் ஒப்புக்கொண்டார். ஆகஸ்டில் ஒரு வாரம் சோதனை. குரல் பதிவுகளை சி.டி.யில் கொடுத்து அனுப்புவார்கள். டைப் செய்ததைத் தினமும் மாலை ஆறு மணிக்குள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்ப வேண்டும். நோயாளிகளின் விவரம் என்பதால் பிரவுசிங் சென்டர் பக்கமே போகக் கூடாது. ஒரு நாள் தவறினாலும் வீட்டு வேலை கிடையாது, ஹாஸ்டல்தான்.

“ஒரு வாரம் ஒழுங்கா போச்சுன்னா நான் இங்கயே இருந்துடுவேங்க” என்று ஜெனிஃபா சொன்னதும் அபினேஷ் எழுந்து போய்க் கம்ப்யூட்டர் மேசையின் ஆடுகிற காலுக்கு அடியில் தோல் துண்டு ஒன்றை மடித்துச் செருகினான்.

ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமையன்று, சர்ச்சுக்குக் கிளம்பும் அவசரத்தில், ஜெனிஃபா அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த ஒரு ஃப்ளாப்பியைக் கம்ப்யூட்டரில் போட்டு ஏதோ செய்துகொண்டிருந்தாள்.

“இன்னா அது?”

“பேட்ச் போடறேங்க. விண்டோஸ்ல ஒரு ஓட்டை இருக்காம். எங்க ஆபீஸ்ல எல்லா மிஷினுக்கும் போட்டுட்டாங்க. நம்மளுதுக்கும் போட்டுடறேன்.”

அபினேஷின் முகம் தொங்கிப்போனது. ஓட்டையா? வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத சாமானில் ஓட்டையா? அதற்குப் பேட்ச் வேறா? ஆராதனை முழுவதும் அவன் காதில் பாட்டும் விழவில்லை, பிரசங்கமும் விழவில்லை. ஊருக்கெல்லாம் பழுது கண்டுபிடிக்கிற கியூ.சி.காரன் வீட்டுக்கே ரிஜெக்ட் பீஸ் வந்துவிட்டது என்று அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அவள் ரயிலேறிப் போனதும் சி.பி.யூ.வைப் போர்வையில் சுற்றி, மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு ஜியாவுல்லாவின் கடைக்குப் போனான்.

“பாய், இது இன்னா நியாயம்? பேட்ச் போட்ட பீஸைத் தலையில கட்டிட்டீங்களே!”

ஜியாவுல்லா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். “பேட்ச்சா? அட, அது இல்ல தோஸ்த், இது வேற பேட்ச்சு. எல்லா மிஷினுக்கும் போடறதுதான்...”

“எல்லா மிஷின்லயும் ஓட்டையா? அதையும் நீங்களே சொல்றீங்களா? எனக்குப் பேட்ச் இல்லாத பீஸ் வேணும். என் ஒய்ஃபோட வேலை இதுலதான் இருக்கு.”

கடையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். ஜியாவுல்லாவுக்கு அவர்கள் எதிரில் வாதம் செய்ய மனமில்லை. சி.பி.யூ.வை உள்ளே எடுத்துப்போனார். மறுநாள், எல்லாவற்றையும் துடைத்துவிட்டு விண்டோஸை முதலிலிருந்து போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“ஃப்ரெஷ் பீஸ், தோஸ்த். ஒரு பேட்ச் கிடையாது. நெட்டும் ஜாஸ்தி ஸ்பீடா போற மாதிரி செட் பண்ணிட்டேன். போதுமா?”

அபினேஷுக்கு மனம் நிறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சி.பி.யூ.வின் மேல் கட்டைவிரலால் ஒருமுறை தடவிக்கூடப் பார்த்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெனிஃபா கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. அதற்கும் அடுத்த வாரம் சோதனைக்காகவே வந்து இறங்கினாள். திரையில் தான் வைத்திருந்த படம் இல்லாததைப் பார்த்து, “ஏங்க, என் படம் எங்க போச்சு?” என்றாள்.

“கடையில குடுத்துக் கிளீன் பண்ணி வெச்சேன்” என்றான் அவன். அவ்வளவுதான் சொன்னான்.

திங்கட்கிழமை எல்லாம் நல்லபடியாக நடந்தது. ஜெனிஃபா காதில் ஹெட்ஃபோனை மாட்டி, காலடியில் வைத்த பெடலை அழுத்திப் பதிவை ஓட்டுவதும் நிறுத்துவதுமாக டைப் செய்தாள். மதியம் டியூட்டி முடிந்து வந்த ஜெயபுஷ்பம் அதை வாசலில் நின்றே பார்த்தாள்.

“இன்னாம்மா இது, தையல் மிஷினா? புள்ளை அங்க தைக்கிறவங்களை மேய்க்கிறான், நீ இங்க வீட்டுக்குள்ளயே தைக்கிறே.”

“அத்தை, இந்த டாக்டர் வாய்க்குள்ள எதையோ மென்னுகிட்டே பேசறார். இது இன்னா வார்த்தைன்னு கொஞ்சம் கேளுங்களேன்.”

ஜெயபுஷ்பம் ஹெட்ஃபோனைக் காதில் வைத்துக் கேட்டாள். “ஹீமட்டோமா. எங்க பெரிய டாக்டரும் இப்படித்தான், வெத்தலை போட்ட மாதிரி பேசுவார்.” இருவரும் சிரித்தார்கள். மாலையில் தொலைபேசி இணைப்பில் கீச்சுகீச்சென்று சத்தமிட்டுக் கோப்புகள் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தன.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஷிஃப்ட் முடிந்து அபினேஷ் வீட்டுக்கு வந்தபோது ஜெனிஃபா கம்ப்யூட்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலையெல்லாம் முடிந்துவிட்டது. அனுப்பத்தான் முடியவில்லை.

“இதைக் கொஞ்சம் பாருங்க” என்று இணைப்பைப் போட்டாள். கீச்சுகீச்சென்ற சத்தம் அடங்கிச் சிறிது நேரத்தில் திரையின் நடுவே ஒரு சின்னப் பெட்டி குதித்தது. கம்ப்யூட்டர் நின்று மறுபடி தொடங்கப்போகிறது, திறந்திருப்பதை எல்லாம் சேமித்துக்கொள்ளவும் என்றது அது. கீழே அறுபது வினாடி. ஐம்பத்தொன்பது. ஐம்பத்தெட்டு. எண் குறைந்துகொண்டே போய், திரை பட்டென்று இருண்டது.

“இது மூணாவது வாட்டி. லைன் போட்டாலே இப்படி ஆயிடுது.”

அபினேஷ் கடிகாரத்தைப் பார்த்தான். ஆறு மணிக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

“அறுபது செகண்டு இருக்குல்ல? அதுக்குள்ள சட்டுன்னு அனுப்பிட முடியாதா?”

“மெயில் பக்கம் திறக்கறதுக்குள்ளயே முடிஞ்சுடும்.”

“ஃப்ளாப்பில போட்டுக் குடு. மக்பூல் அகமது பிரவுசிங் சென்டர்ல போய் அனுப்பிட்டு வந்துடறேன். யாருக்குத் தெரியப் போவுது?”

ஜெனிஃபா அவனை நிமிர்ந்து பார்த்தாள். “எனக்குத் தெரியுமே. யாரோ ஒரு அம்மாவோட கேன்சர் விஷயம் இதுல இருக்குங்க. அதை நான் கடைத்தெருவுல வெச்சு அனுப்ப மாட்டேன். வேலை போனாலும் போகட்டும்.”

அந்தக் குரல் அவனுக்குப் பழக்கமானதுதான். காட்பாடியில் பவுடரைத் துடைத்தபோது பேசிய குரல். அதற்குமேல் அவனால் அங்கே நிற்க முடியவில்லை. “ஜியாவுல்லாவைக் கூட்டிட்டு வர்றேன்” என்று மொபெட்டை எடுத்துக்கொண்டு பறந்தான்.

ஜியாவுல்லாவின் கடையில் கால் வைக்க இடமில்லை. தரையில் வரிசையாகச் சி.பி.யூ.க்கள். ஒரு தோல் மண்டிக்காரர், ஒரு பள்ளிக்கூட கிளார்க், மாதனூரிலிருந்து பேருந்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்த ஒருவர் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“நல்லாதான் இருந்துச்சு பாய், நெட் போட்டதும் அறுபது, அம்பத்தொம்பதுன்னு எண்ண ஆரம்பிச்சுடுது!”

“காலையிலேர்ந்து இதே பேஜார்!” ஜியாவுல்லாவின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. அபினேஷைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். “வாங்க கியூ.சி. சார், உங்களுதும் போச்சா? புதுசா ஒரு புழு கிளம்பியிருக்காம், உலகம் பூரா. நெட்டுல இருந்து தானா உள்ள பூந்துடுது. ஒரு ஓட்டை வழியா.”

“எந்த ஓட்டை?”

“எந்த ஓட்டைன்னா? அன்னைக்கு உங்க வீட்ல பேட்ச் போட்டு அடைச்சு வெச்சிருந்தாங்களே, அதே ஓட்டைதான். இந்த ஊர்லயே அதை அடைச்சு வெச்சிருந்தது உங்க ஒரு மிஷின்தான் தோஸ்த். நீங்கதான் பேட்ச் வேணாம், ஃப்ரெஷ் பீஸ் வேணும்னு கடையில நின்னு கத்தினீங்க.”

சுற்றி நின்றவர்கள் அபினேஷைப் பார்த்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை.

“இப்போ வந்து போட முடியுமா பாய்?”

“இத்தனை பேரை விட்டுட்டு எப்படி வர்றது? எனக்கே அந்தப் பேட்ச்சு கைக்குக் கிடைக்கல. நெட்டுல போய் இறக்கலாம்னா, நெட்டுல போனா மிஷின் நிக்குது. கதவுக்குச் சாவி உள்ள மாட்டிக்கிட்ட கதை.”

திரும்பி வரும் வழியில் அபினேஷ் தன் கட்டைவிரலைக் கைப்பிடியில் அழுத்திக்கொண்டே வண்டி ஓட்டினான். பேட்ச் என்ற ஒரு சொல்லைக் கேட்டு, அது என்ன என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தானே கொண்டுபோய்ப் பிரித்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறான். அவளைத் தன்னோடு வைத்துக்கொள்ள வாங்கிய கம்ப்யூட்டரைக் கொண்டே அவளை ஹாஸ்டலுக்குத் திருப்பி அனுப்பப்போகிறான்.

வீட்டில் ஜெனிஃபா சும்மா இருக்கவில்லை. தொலைபேசி ஒயரைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிப் போட்டிருந்தாள். ஜெயபுஷ்பம் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“ஒயர் இல்லாதப்போ மிஷின் சமத்தா இருக்குங்க” என்றாள் ஜெனிஃபா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஒயர் போட்டாதான் கலாட்டா. அப்போ வெளியேருந்துதான் வருது. உள்ள எவனாவது உக்காந்திருக்கானான்னு ஓடற புரோகிராம் எல்லாத்தையும் பார்த்தேன். தெரியாத பேரு ஒண்ணு இருந்துச்சு. நிறுத்தி, அழிச்சுட்டேன். மறுபடி மிஷின் போடும்போது அதைக் கூப்பிடற வரியையும் எடுத்தாச்சு. ஆனா திரும்பவும் லைன் போட்டா திரும்பவும் வரும். அதைத் தடுக்கிற ஃபயர்வாலைப் பார்த்தா டிக்கே இல்ல. நான் போட்டு வெச்சிருந்தேனே! பேட்ச்சும் காணோம். அந்த ஃப்ளாப்பியை ஆபீஸ்ல திருப்பிக் குடுத்துட்டேன்.”

“ஜெனி.”

“ம்.”

“பேட்ச்சை நான்தான் எடுக்கச் சொன்னேன்.”

அவள் நாற்காலியோடு திரும்பினாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். போர்வையில் சுற்றி எடுத்துப்போனது, கடையில் கத்தியது, ஃப்ரெஷ் பீஸ் என்று மகிழ்ந்து வந்தது, அவளிடம் சொல்ல வெட்கப்பட்டது. ஜெயபுஷ்பத்தின் கை கீரையில் நின்றுவிட்டது.

“டேய்,” என்றாள் அவள், “பிரிச்சுட்டு வந்தியா? தையலைப் பிரிச்சுட்டா வந்தே? எங்க வார்டுல இப்படி ஒருத்தன் பண்ணியிருந்தா...”

ஜெனிஃபா மாமியாரைக் கைகாட்டி நிறுத்தினாள். அவள் முகம் சிவந்திருந்தது. கோபம்தான். அவள் அதை மறைக்கவில்லை. பிறகு ஒரு விரலால் தன் இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“இது இன்னாங்க?”

அபினேஷ் விழித்தான்.

“பேட்ச்தானே? இதையும் பிரிச்சுட்டு ஃப்ரெஷ் பீஸ் கேப்பீங்களா?”

அவன் வாயைத் திறந்தான். ஜெனிஃபா அதற்குள் திரும்பிவிட்டாள். “சண்டையை ஆறு மணிக்கு மேல வெச்சுக்கலாம். எனக்கு நிறைய இருக்கு சொல்றதுக்கு. இப்போ இங்க வந்து உக்காருங்க.”

அவள் இணைப்பின் அமைப்புகளைத் திறந்து, உள்ளே ஒரு பக்கத்துக்குப் போய், காலியாகக் கிடந்த ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டினாள்.

“இதுதான் ஃபயர்வால். நாம யாரையாவது கூப்பிட்டா, அவங்க குடுக்கற பதிலை உள்ள விடும். நாம கூப்பிடாம எவனாவது வந்து தட்டினா, கதவே இல்லாத மாதிரி இருந்துடும். முதல்ல இதைப் போடணும், அப்புறம்தான் லைன். ஓட்டை இருக்கத்தான் இருக்கும். ஆனா ஓட்டை வரைக்கும் எவனும் வர முடியாது. அந்த நேரத்துல நாம போய்ப் பேட்ச்சை இறக்கிப் போட்டுக்கலாம்.”

“நிச்சயமா வேலை செய்யுமா?”

“செய்யணும்.”

ஜியாவுல்லா சொன்ன உள்ளே மாட்டிக்கொண்ட சாவி அபினேஷின் நினைவுக்கு வந்தது. சாவி தேடிக்கொண்டு ஊரே கடையில் நிற்கிறது. இவளோ எங்கும் ஓடாமல், எந்தப் பக்கம் அடைத்தால் எந்தப் பக்கம் போகலாம் என்று நாற்காலியில் உட்கார்ந்தபடி யோசித்து முடித்துவிட்டாள். தொழிற்சாலையில் கைதேர்ந்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறான். நெருக்கடியில் கை நடுங்காதவர்கள் அதில் குறைவு. அவளுடைய கை மௌஸின் மேல் பூப்போல அமர்ந்திருந்தது.

“அத்தை, உங்களாலயும் ஒரு காரியம் ஆகணும். ஹால்ல இருக்கிற போனை யார் எடுத்தாலும் லைன் அறுந்துடும். நீங்க நாட்றம்பள்ளிச் சித்திக்குப் பேசற நேரம் இது.”

“இன்னைக்கு அவ பேசாம இருந்தா ஒண்ணும் செத்துட மாட்டா” என்று ஜெயபுஷ்பம் கீரை முறத்துடன் எழுந்தாள். ஹாலில் தொலைபேசி இருந்த ஸ்டூலுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

ஜெனிஃபா கட்டத்தில் டிக் போட்டாள். ஒயரைச் செருகினாள். இணைப்பைப் போட்டாள். கீச்சுகீச்சு என்று கத்தி அடங்கியது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சின்னப் பெட்டி எந்த நேரத்திலும் குதிக்கலாம். ஹாலிலிருந்து ஜெயபுஷ்பம், “வந்துடுச்சா?” என்றாள். “இல்ல அத்தை.” கொஞ்ச நேரம் கழித்து, “இப்போ?” “இல்ல.” அறுபது வினாடி கடந்தது. திரை அப்படியே இருந்தது. ஜெனிஃபா விண்டோஸைத் தயாரித்த நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து, பேட்ச்சைத் தேடி, இறக்கத் தொடங்கினாள். பச்சைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக, சோம்பலாக நிரம்பின.

“ஒரு சந்தேகம்” என்றான் அபினேஷ் தாழ்ந்த குரலில். “சாமானை வித்தவனே, இதுல ஓட்டை இருக்குன்னு சொல்றானா?”

“ஆமாங்க. எவனோ கண்டுபிடிச்சுச் சொல்லியிருக்கான். இவங்களும் ஒத்துக்கிட்டு, அடைக்கிற துண்டைச் சும்மாவே குடுக்கறாங்க. போட்டுக்கிறது மட்டும் நம்ம வேலை. போன மாசமே சொல்லிட்டாங்க, புழு வர்றதுக்கு முன்னாடியே.”

அவன் பச்சைக் கட்டங்களைப் பார்த்தபடி தலையாட்டினான். “எங்க லைன்ல கன்டெய்னர் மெட்ராஸ் தாண்டிட்டா அவ்ளோதான். உள்ள எத்தனை ரிஜெக்ட் இருந்தாலும் ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான். நான் உட்பட. வித்தப்புறம் ஓட்டையை ஒத்துக்கறது பெரிய விஷயம் ஜெனி.”

“நாளைக்கே வேற ஓட்டை வரும். அப்பவும் சொல்லுவாங்க. அப்பவும் போடணும்.”

“பேட்ச் மேல பேட்ச்சா?”

“பேட்ச் மேல பேட்ச்சு. அதுதான் நல்ல பீஸ்.”

அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு தனகோடி. அந்தத் தெருவில் போன் இருந்தது இரண்டே வீடுகளில். ஜெயபுஷ்பத்தின் வீட்டுப் போன் யார் வந்தாலும் எடுத்துப் பேசுகிற போன்.

“அக்கா, ஒரே ஒரு போன் பண்ணிக்கறேன். கம்பெனி பஸ் நாளைக்கு வருமான்னு கேக்கணும்.”

அவள் கை ரிசீவர் பக்கம் நீண்டது. ஜெயபுஷ்பம் முறத்தோடு எழுந்து குறுக்கே நின்றாள்.

“தனகோடி, உன்னை யாராவது கூப்பிட்டாங்களா?”

“இல்லையேக்கா.”

“நாங்க கூப்பிடல, நீயா வந்தே. இன்னைக்கு அப்படி வந்தா உள்ள விடறதில்ல. இங்க ஃபயர்வால் போட்டிருக்கு.”

“இன்னா வாலு?”

“அது உனக்குப் புரியாது. எனக்கே இப்போதான் புரிஞ்சுது. ஆறு மணிக்கு மேல வா, டீயும் போட்டுத் தர்றேன், போனும் பண்ணு.”

தனகோடி முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள். உள்ளே ஜெனிஃபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்று மாலை அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அபினேஷுக்கு உயிர் திரும்பி வந்தது.

பச்சைக் கட்டங்கள் நிரம்பின. ஜெனிஃபா பேட்ச்சைப் போட்டாள். கம்ப்யூட்டர் மறுபடி தொடங்க வேண்டும் என்றது. இந்த முறை அனுமதி கேட்டு நின்றது, அறுபதிலிருந்து எண்ணி மிரட்டவில்லை. அது எழுந்து வரும்வரை அபினேஷ் கடிகாரத்தைப் பார்க்காமல் அவளுடைய புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி இணைப்பு. மெயில் பக்கம் திறந்தது. கோப்புகள் ஒவ்வொன்றாக ஏறின. கடைசிக் கோப்பு போனபோது பக்கத்து மசூதியில் மாலைத் தொழுகைக்கு இன்னும் அழைக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் ஆறாக இன்னும் சில நிமிடங்கள் இருந்தன.

“போய்டுச்சு அத்தை!”

“அப்போ நான் எழுந்திருக்கலாமா? இடுப்பு போச்சு” என்று ஹாலிலிருந்து குரல் வந்தது.

சொன்னபடியே ஆறு மணிக்கு மேல் சண்டை நடந்தது. பேட்ச்சைப் பற்றி ஜெனிஃபா அதிகம் பேசவில்லை. “என்னைக் கேட்டிருக்கலாமே” என்பதையே பல விதமாகச் சொன்னாள். “எனக்குன்னு வாங்கின மிஷினைப் பத்தி எனக்கே சொல்லாம மூடி வெச்சீங்க பாருங்க, அது பவுடர்.” அபினேஷ், “இனிமே மூடல” என்றான். ஜெயபுஷ்பம் கீரைக் குழம்பை மருமகளுக்கு முதலில் ஊற்றினாள். மகன் தட்டில் அன்று அப்பளம் விழவில்லை.

மறுநாள் ஜியாவுல்லா போன் செய்தார். “தோஸ்த், நம்ம தங்கச்சி மிஷின் மட்டும் ஓடுதாமே? தனகோடி ஃபேக்டரி பஸ்ல சொல்லி ஊரெல்லாம் பரவிடுச்சு. எப்படின்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்.”

“கேக்க வேணாம், எனக்கே தெரியும்” என்றான் அபினேஷ். அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு ஜெனிஃபா அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “முதல்ல ஒயரைப் பிடுங்குங்க பாய். உள்ள பூந்ததை அழிங்க. அப்புறம் ஃபயர்வால் டிக். அதுக்கப்புறம்தான் லைன். அப்புறம் பேட்ச். வரிசை மாறக் கூடாது. ஆமா, ஸ்பீடுக்குன்னு டிக்கை எடுத்தீங்களே, இனிமே யாருக்கும் எடுக்காதீங்க. இன்னா? நான் கண்டுபிடிச்சதா? இல்ல பாய், எங்க வீட்டு கியூ.சி. கண்டுபிடிச்சது.”

அன்று இரண்டு கடைக்காரர்களும், பள்ளிக்கூட கிளார்க்கும் அதே வரிசையைக் கேட்டுப் போன் செய்தார்கள். ஜெனிஃபா சலிக்காமல் சொன்னாள். நான்காவது ஆளுக்கு ஜெயபுஷ்பமே சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை சென்னையிலிருந்து மேடம் பேசினார். செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்கு வெளியேயிருந்து ஒழுங்காக வந்து சேர்ந்த வேலை ஜெனிஃபாவுடையது மட்டும்தானாம். ஹாஸ்டலில் இருக்கும் பெட்டியை எப்போது எடுத்துக்கொள்கிறாய் என்று கேட்டார். ஜெனிஃபா பதில் சொல்வதற்குள், பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த அபினேஷ், “நாளைக்கே வர்றோம் மேடம்!” என்று கத்தினான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இருவருமாகப் போய்ப் பெட்டியை எடுத்து வந்தார்கள்.

திங்கட்கிழமை விடியற்காலை. இருட்டு விலகாத நேரத்தில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஆம்பூருக்குள் ஊதிக்கொண்டு வந்தது. ஜெனிஃபா பழக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து, தலையணைக்கு அடியில் டிக்கெட்டைத் தேடினாள்.

“படு” என்றான் அபினேஷ் கண்ணைத் திறக்காமல். “அது நம்மைக் கூப்பிடல.”

அவள் சிரித்துக்கொண்டே படுத்தாள். அவன் கை இருட்டில் அவள் நெற்றியைத் தேடி வந்தது. கட்டைவிரல் புருவத்தின் மேலிருந்த தையலில் வந்து நின்று, மெதுவாக ஒருமுறை தடவியது.

“பாஸா, ரிஜெக்டா?” என்றாள் அவள்.

ரயில் ஊதிக்கொண்டு ஊரைத் தாண்டிப் போனது. விரல் அங்கேயே இருந்தது.